வெயிலுக்கு மணிக்கூடு பார்த்த நாட்கள்

மருந்தைக் கரண்டியால் அளக்கிறவன் கூடிப்போனதைத் திரும்பப் போத்தலுக்குள் ஊற்றிவிடலாம். வெயிலை அளந்து கொடுக்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது.

நான் அப்படியொரு வேலை பார்த்தேன். தொண்ணூறுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமற்போன வருஷங்கள் அவை. அரியாலையில் தோல் வருத்தம் பார்க்கிற ஒரு பெண் டொக்டர் இருந்தா. அவவின் வீட்டு முற்றத்தில் நோயாளரை வெயிலில் இருத்துவது, மணிக்கூட்டைப் பார்ப்பது, நேரம் முடிந்ததும் நிழலுக்குக் கூப்பிடுவது, இவ்வளவும் என் உத்தியோகம். வயது இருபத்திரண்டு. குரல் அப்போதும் இப்போதும் மெல்லியது; நான் ‘எழும்புங்கோ’ என்றால் பக்கத்துக் கதிரைக்காரர்தான் எழும்புவார்.

நீங்களும் எப்போதாவது யாரையாவது ‘இன்னும் ரெண்டே ரெண்டு நிமிஷம்’ என்று இருத்தி வைத்திருப்பீர்கள். எழும்பத் துடிக்கிறவரின் முழங்கால் எப்படி ஆடும், அவர் உங்களை எப்படிப் பார்ப்பார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் கோழி

டொக்டர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டி ஒன்று முன்னறையில் நின்றது. அலுமாரி உயரம்; உட்பக்கம் முழுக்க நெட்டுக்கு நெட்டு ரியூப் லைற்றுகள். கரண்ட் இருந்த காலத்தில் சோரியாசிஸ்காரர், அதாவது தோல் சிவந்து செதில் செதிலாகக் கொட்டுகிற வருத்தக்காரர், அதற்குள் போய் நிற்பார்களாம். கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று படுமாம், செதில் அடங்குமாம். கரண்ட் போன பிறகு டொக்டர் பெட்டியை மூடிவிட்டு, “இது வெயிலிலையிருந்து எடுத்த துண்டுதானே, முழு வெயிலும் முற்றத்திலை சும்மா கிடக்கு” என்று சொல்லி நாலு கதிரையை வெளியே போடுவித்தா. முதல் நாள் ஐந்து நிமிஷம். பிறகு வருகிற ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷம் கூடும்; பதினைந்தோடு நின்றுவிடும். ஆளுக்கு ஒரு கார்ட், அதில் நிமிஷக் கணக்கு.

மூடிய பெட்டியின் கதவு சரியாகப் பூட்டுப்படவில்லை. டொக்டர் வீட்டுக் கோழி உள்ளே புகுந்து முட்டையிட்டு அடையும் கிடந்தது. “கிடக்கட்டும், ஆருக்கெண்டாலும் பிரயோசனப்படட்டும்” என்று டொக்டர் விட்டுவிட்டா. குஞ்சுகள் வெளியே வந்த அன்று, மூன்று மாதமாக முழங்கை காட்ட வருகிற இளைப்பாறிய தபால் மாஸ்ரர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கோழி வைச்ச அடை பொரிச்சிட்டுது டொக்டர். என்ரை முழங்கைதான் இன்னும் கூழ்முட்டையாய்க் கிடக்கு.”

தொப்பி

நான் சேர்ந்து இரண்டாம் கிழமை, கடல்நீரேரியில் இறால் பிடிக்கிற இராசு அண்ணை வந்தார். கீழுதட்டில் கொத்தாகப் பொக்குளங்கள். வருகிறவர்களெல்லாம் வெயிலுக்குத்தான் வருகிறார்கள் என்ற நினைப்பில் அவரையும் கதிரையில் இருத்தி மணிக்கூட்டைத் திருப்பினேன். டொக்டர் ஜன்னலுக்குள்ளால் கண்டுவிட்டு வெளியே ஓடிவந்தா. “அந்தாளை நிழலுக்கு விடு! உதைக் கொண்டுவந்ததே வெயில்தான்.”

ஒரே வெயில் ஒருவருக்கு மருந்தும் இன்னொருவருக்கு வருத்தமும் ஆவது எப்படி என்று எனக்கும் இராசு அண்ணைக்கும் சேர்த்தே சொன்னா. “எங்கடை தோலுக்குள்ளை சென்றி மாதிரிக் காவல் நிக்கிற ஆக்கள் இருக்கினம். சோரியாசிஸ்காரருக்கு அவை காரணமில்லாமல் சொந்தத் தோலோடையே சண்டை பிடிக்கினம். அதுதான் சிவந்து, தடிச்சு, செதிலாய்க் கொட்டுறது. அளவான வெயில் பட்டால் அவை கொஞ்சம் நித்திரையாப் போவினம், சண்டை ஓயும். இவருக்கு வேறை கதை. சின்னனிலை வந்த வைரஸ் ஒண்டு உதட்டுக்குப் போற நரம்பிலை ஒளிச்சிருக்கு. வெயில் கூடி, சென்றி நித்திரை கொள்ளுற நேரம் பாத்து அது வெளியிலை வருது. முதல் விறுவிறுக்கும், அடுத்த நாள் பொக்குளிக்கும்.”

அன்றைக்கே எல்லாக் கார்ட்டிலும் ஒரு கேள்வி ஏறியது: ‘வெயில் பட்டபின் உதட்டில் பொக்குளம் வருவதுண்டா?’ கேட்டு எழுதுவது என் பொறுப்பு. ‘ஓம், வரும்’ என்றால் வெயிலில் இருக்கும்போது முகத்துக்கு ஈரத்துவாய் போடவேண்டும். அவ்வளவுதான். இராசு அண்ணைக்கு அகலத் தொப்பி ஒன்று போடச் சொன்னா. அவர் உதடு நோகாமல் சிரிக்கப் பார்த்துத் தோற்றுப்போய்ச் சொன்னார்:

“தொப்பியோடை நான் தண்ணிக்கை இறங்கினால் இறாலெல்லோ டொக்டர் என்னைப் பாத்துச் சிரிக்கும்.”

பங்கர் நிமிஷங்கள்

குண்டு போடுகிற பொம்பர் மேலே சுற்றத் தொடங்கினால் கதிரைகள் அப்படியே கிடக்க எல்லோரும் வேலியோரம் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்குவோம். அரைக்குமேல் உடுப்பில்லாமல், மேலெல்லாம் தேங்காயெண்ணெய் பூசியபடி ஆறேழு பேர் ஒரு கிடங்குக்குள் நெருங்கி இருப்பதை நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். ஒருவரை ஒருவர் பிடித்தாலும் வழுக்கும். இரைச்சல் தூரப் போனதும் மேலே ஏறி, யாருக்கு எத்தனை நிமிஷம் முடிந்தது, எத்தனை மிச்சம் என்று நான் திரும்பக் கணக்குப் பார்க்கத் தொடங்குவேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அரை நிமிஷம் பிசகமாட்டேன்.

ஒருநாள் தபால் மாஸ்ரருக்கு நாலு நிமிஷம் மிச்சமிருந்தது. இருங்கோ என்றேன். மண்ணும் எண்ணெயுமாய் நின்றவர் டொக்டரிடமே வழக்கைக் கொண்டுபோனார்:

“பங்கருக்கை இருந்த நேரத்தையும் சேர்க்கச் சொல்லுங்கோ டொக்டர். அங்கையும் வெயிலிலை மாதிரித்தான் வேர்த்தது.”

மீனைக் கட்டின ராசகுமாரி

ஆட்களைக் கதிரையில் பிடித்து வைக்க எனக்கு உறுக்கி அதட்டத் தெரியாது. தெரிந்தது கதை மட்டும். என்னை வளர்த்த அப்புவும் ஆச்சியும் கதை சொல்லித்தான் எனக்குச் சோறு தீத்தினார்கள். கதை நின்றால் நான் வாயை மூடிவிடுவேனாம். அந்தக் கதைகளை முற்றத்தில் அவிழ்த்துவிட்டேன். நரியும் நண்டும் ஐந்து நிமிஷம். மூன்று கள்ளர் கதை எட்டு. மீனைக் கட்டின ராசகுமாரி கதைக்கு மட்டும் அளவில்லை. நிமிஷம் கூடக் கூட அதில் ஒரு ஆற்றையோ ஒரு காட்டையோ சேர்த்துக்கொள்வேன்.

காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு அக்கா இருந்தா. கெண்டைக்காலில் வெண்புள்ளி. முற்றத்தில் காலைத் திறந்து இருக்க வெட்கப்பட்டுப் பாதி நேரத்தில் எழும்பிவிடுவா. உரப்பையைத் தைத்து மறைப்புக் கட்டிக் கொடுத்தோம். அதற்கும் இருக்கவில்லை. மறைப்புக்கு இந்தப் பக்கமிருந்து நான் ராசகுமாரி கதையைத் தொடங்கியபின் நிலைமை தலைகீழானது. பத்து நிமிஷம் முடிந்து, “அக்கா, உள்ளுக்கு வாங்கோ” என்றால் அசையமாட்டா. மீன் புருஷன் கடலுக்குப் போன இடத்தில் கதை நிற்கிறதல்லவா? ஒருநாள் நான் கதிரையை எடுக்கப் போக, மறைப்புக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது:

“மீன் திரும்பி வந்துதோ இல்லையோ எண்டு தெரியாமல் நான் வீட்டை போய் எப்படியடா தம்பி சோறு வடிக்கிறது?”

சீவாளி

வேலாயுதம் அண்ணை நாதஸ்வரக்காரர். அளவெட்டியிலிருந்து சைக்கிளில் வந்தார். நாற்பது வயதிருக்கும். சேட்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, முழங்கை, நெஞ்சு, முதுகு எல்லாம் செதில். கோயிலில் மேளகாரர் சேட்டுப் போட்டுக்கொண்டு ஊத ஏலாது. தகப்பன் ஊதிய தேருக்குத்தான் இவரும் இருபது வருஷமாக ஊதுகிறார். கோயில் மனேச்சர் கூப்பிட்டு, “சனம் முகம் சுழிக்குது. ஆவணித் தேருக்கிடையிலை மேலிலை செதில் மாறாட்டில் நான் வேறை மேளம் பிடிக்கத்தான் வேணும்” என்று சொல்லிவிட்டாராம். அப்போது வைகாசி. மூன்று மாதம் இருந்தது.

கார்ட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். உதட்டில் பொக்குளம் வருவதுண்டா என்றதும் தலையாட்டினார். “வாறதுதான். தேர் முடிஞ்சு ரெண்டு மூண்டு நாளிலை வருஷா வருஷம் வரும். அது வெயிலாலை இல்லைத் தம்பி, சீவாளி கடிக்கிறது. ஐயாவுக்கும் வாறது.” நாதஸ்வரத்தின் நுனியில் உதட்டுக்குள் வைத்து ஊதுகிற துண்டுதான் சீவாளி. புதுச் சீவாளி உதட்டைப் புண்ணாக்கும், பழகினால் சரிவரும் என்று மேளகாரர் வீடுகளில் எல்லோருக்கும் தெரியுமாம்.

நீங்களாயிருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பீர்கள்: தேரன்று காலையிலிருந்து உச்சி சாயும்வரை நீங்கள் நிற்பது எதற்குள்ளே, அண்ணை? எனக்கும் அது தொண்டைவரை வந்தது. ஆனால் அவர் வித்துவான். உதட்டை வைத்துச் சீவிக்கிறவர். நான் பேனையைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டு நிற்க, அவர் கார்ட்டை விரலால் தட்டினார்:

“ஊதுற வாயைப் பற்றி ஊதுறவனுக்குத் தெரியாததோ? இல்லையெண்டு எழுதும்.”

எட்டு நிமிஷம்

எழுதினேன். ‘இல்லை’ என்று எழுதியபடியால் அவர் முகத்துக்குத் துவாய் போடவில்லை. கிழமைக்கு மூன்று நாள் வருவார், முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக் கதை கேட்பார். ஆடி முடியும்போது முழங்கைகள் இரண்டும் வெளித்துவிட்டன. நெஞ்சில் மங்கலாக ஒரு நிறம் மட்டும் மிச்சம். டொக்டர் தடவிப் பார்த்துவிட்டு, “பெட்டி கூட இவ்வளவு வடிவாய் மாத்தியிராது” என்றா.

தேருக்கு நாலு நாள் இருந்தது. அவருக்குப் பதினைந்து நிமிஷம். ராசகுமாரி கதையைத் தொடங்கினேன். மணிக்கூடு பதினைந்தைக் காட்டியபோது மீன் கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது, ராசகுமாரி அதைத் தேடி மணலில் ஓடுகிறாள். நிறுத்தினேன். “உதிலை விட்டிட்டுப் போகாதையும் தம்பி, கதையை முடிச்சுவிடும்” என்றார். அப்படிக் கேட்டால் கதைகாரனுக்கு மணிக்கூடு ஏது? ஒரு முனிவரையும் ஒரு பாழ்கிணற்றையும் கூடச் சேர்த்தேன். திரும்பிப் பார்க்க இருபத்துமூன்று.

சேட்டைப் போட்டுக்கொண்டு அவர் நாக்கால் உதட்டைத் தடவினார். “உதடு காலமையிலையிருந்து விறுவிறுக்குது. புதுச் சீவாளி, இன்னும் பழகேல்லை.” கதிரையை மடித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. விறுவிறுப்பு என்ற சொல்லை நான் ஏற்கெனவே டொக்டரின் வாயில் கேட்டிருக்கிறேன். டொக்டர் பத்தடி தள்ளி ஜன்னலுக்குள் இருந்தா. சொன்னால் கார்ட்டைக் கேட்பா. கார்ட்டைக் கேட்டால் அந்த ‘இல்லை’ வரும். அதற்குப் பின்னால் எட்டு நிமிஷமும் வரும். அரை நிமிஷம் பிசகாதவன் என்ற என் பெயர் போய்விடும். அடுத்த கதிரையை மடிக்கத் தொடங்கினேன். அவர் சைக்கிளில் ஏறிக் காலை ஊன்றி நின்று சொன்னார்:

“சனிக்கிழமை தேருக்கு வாரும். உம்மடை ராசகுமாரிக்கெண்டு ஒரு ராகம் ஊதுறன்.”

ஈரத்துவாய்

போனேன். தேர் தரித்து நிற்கிற முட்டியை விட்டு வெளிக்கிட முன்பே நாதஸ்வரச் சத்தம் கேட்டது. கேட்ட உடனே மனம் நிறைந்தது, உண்மையைச் சொன்னால் பயமும் போனது. சனத்துக்குள்ளால் நெரித்துக்கொண்டு முன்னுக்குப் போய்ப் பார்த்தால், ஊதிக்கொண்டிருந்தவர் முன்பின் தெரியாத ஆள். அவசரத்துக்கு வேறு ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள்.

வேலாயுதம் அண்ணை தவில்காரருக்குப் பக்கத்தில் நின்றார். சரிகை வேட்டி, சங்கிலி, திருநீறு, எல்லாம் ஊத வந்தவரின் கோலம். மேலில் ஒரு செதில் இல்லை. வெயிலில் முதுகு எண்ணெய் பூசியதுபோல மின்னியது. வாயை மட்டும் ஈரத்துவாயால் பொத்தியிருந்தார். என்னைக் கண்டதும் துவாயை எடுத்தார். மேலுதடும் கீழுதடும் வீங்கி, மூக்கடிவரை பொருக்கு. சீவாளியைப் பழக்கவேண்டும் என்று அந்த மூன்று நாளும் விடாமல் ஊதிப் பார்த்திருக்கிறார். விறுவிறுத்த அன்றே அதை நிறுத்தி உதட்டுக்கு ஓய்வு கொடுத்திருக்கவேண்டும். அதைச் சொல்லியிருக்கக்கூடியவர் ஜன்னலுக்குள் இருந்தா. அவவிடம் சொல்லியிருக்கக்கூடியவன் கதிரை மடித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணை, அது என்ரை பிழை” என்றேன். என் குரலும் தவிலும் ஒன்றாக எழும்பின. அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்தார். இரண்டாம் முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் உதட்டுக்காகத் துக்கப்படுகிறேன் என்று நினைத்து, பெரிய மனது பண்ணி அவர்தான் என்னைத் தேற்றினார்:

“உதை விடும். அது சீவாளி கட்டினவன்ரை பிழை. என்ரை மேலைப் பாரும், மேலை! மனேச்சரே தொட்டுப் பாத்தவர். டொக்டருக்கு மறக்காமல் சொல்லும்.”

திருத்தம்

திங்கட்கிழமை டொக்டருக்குச் சொன்னேன். அவர் சொல்லச் சொன்னதை மட்டுமல்ல, கார்ட்டையும் எட்டு நிமிஷத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவ ஏசவில்லை. கார்ட்டை எடுத்து, என் ‘இல்லை’யை ஒரு கோட்டால் வெட்டி, மேலே ‘ஓம்’ என்று எழுதினா. பிறகு, “அவருக்குச் சொன்னனீரோ?” என்று கேட்டா. இல்லை என்றேன். “அப்ப கார்ட்டைத்தான் திருத்தியிருக்கிறம்” என்றா.

அளவெட்டிக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று வெளிக்கிட்டு, மல்லாகம்வரை சைக்கிள் மிதித்து, அங்கே ஒரு கடையில் பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஷெல் சத்தம் கேட்டது என்று வீட்டில் சொன்னேன். கேட்டதுதான், ஆனால் அது வெகுதூரத்தில். அடுத்த முறை, அடுத்த முறை என்று ஒரு வருஷம் ஓடியது. அடுத்த தேருக்கும் கோயிலார் புது மேளத்தையே பிடித்துவிட்டார்கள். சனத்துக்குக் காது பழகிவிட்டதாம். அதற்குப் பிறகு சண்டை முற்றி, ஊரே கிளம்பிய இடம்பெயர்வு வந்தது. டொக்டரின் பெட்டி, கார்ட்டுகள், கதிரைகள், கேட்கவேண்டியவர், சொல்லவேண்டியவன் எல்லோரும் ஒவ்வொரு திசையில்.

இடம்பெயர்வுக்குக் கொஞ்சம் முந்தி அந்தத் தவில்காரர் தன் மணிக்கட்டுப் படையைக் காட்ட எங்கள் முற்றத்துக்கு வந்திருந்தார். ஈரத்துவாயை முகத்தில் போட்டு இருத்திவிட்டு, வேலாயுதம் அண்ணை எப்படியிருக்கிறார் என்று கேட்டேன். துவாய்க்குள்ளிருந்து பதில் வந்தது:

“கலியாண வீடுகளுக்கு ஊதுறார். தேருக்கில்லை. இப்பவும் உங்கடை வெயிலைத்தான் புகழுறார் தம்பி. சீவாளிக்காரனோடைதான் கதை பேச்சில்லை.”

அந்த முற்றத்து உத்தியோகத்தில் நான் பிழையாக அளந்தது எட்டே எட்டு நிமிஷமும் ஒரேயொரு சொல்லும்தான் என்று இன்றைக்கும் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம், கேட்டுக்கொண்டிருப்பவர் சீவாளி கட்டுகிறவராக இல்லாவிட்டால்.